வீரையாவுடன் ஒரு சமநிலை

செஸ் விளையாட்டில் எனக்கு நன்றாக வந்தது யோசிக்கிற முகம் மட்டும்தான். கையை நாடியில் வைத்துப் புருவத்தைச் சுருக்கினால் எதிரே இருப்பவர் பயந்துவிடுவார். அந்த முகத்தை வைத்துக்கொண்டே முரசுமோட்டைச் சனசமூக நிலையப் போட்டியில் வருடாவருடம் வென்றேன். வீரையாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிற நீங்கள் சிரிக்கலாம். நானே சிரிப்பதுண்டு.

எண்பத்திரண்டாம் ஆண்டுச் சிறுபோகத்தில், அந்தக் கோடை நெற்செய்கைக் காலத்தில், இறுதியாட்டத்துக்கு வீரையா வந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து, வாய்க்காலின் கடைசியில் குத்தகைக்கு வயல் செய்தவர். நான் வட்டவிதானை. தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுவது என் வேலை. மடைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருக்கும்.

ஆட்டத்துக்கு நாள் குறித்ததும் நான்தான். அவருடைய தண்ணீர் முறை வருகிற காலையாகப் பார்த்துக் குறித்தேன். குளம் வற்றிவிட்டதால் அதுவே அந்தப் போகத்தின் கடைசி முறை. மனம் வயலில் கிடந்தால் ஆள் தடுமாறுவார் என்று நினைத்தேன். அவர் தடுமாறவில்லை. என் ராணி போனது, ஒரு கோட்டையும் போனது. யோசிக்கிற முகம்தான் மிச்சம். எங்களிடம் நேரம் அளக்கும் செஸ் மணிக்கூடு இல்லாததால் அந்த முகத்தைத் தாராளமாகப் பாவித்தேன்.

அவர் மனைவி பேச்சியம்மா யன்னலடியில் வந்து நின்றார்.

“மடை இன்னும் பூட்டியே கெடக்குங்க.”

வீரையா என்னைப் பார்த்தார். “ஐயா, தொறந்துவிட்டுட்டு வந்து ஆடலாமா? பயிரு கதிர் தள்ளுற நேரம்.”

“எழும்பினால் தோல்வி எண்டு விதி இருக்கு, வீரையா. எனக்கும் அதுதான். ஆட்டம் முடியாமல் திறப்பை ஆரிட்டையும் குடுக்கேலாது.”

விதியை எழுதியவனும் நான்தான்.

அவர் பலகையைப் பார்த்தார். இன்னும் சில நகர்த்தல்களில் என் கதை முடிந்திருக்கும்.

“அப்ப சமன்னு வச்சுக்குவோம். சாவியக் குடுங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே ஒப்புக்கொண்டால் பயந்துவிட்டேன் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களே. ஆகவே யோசித்தேன். வெயில் உச்சிக்கு ஏறி, முறை அடுத்த வாய்க்காலுக்கு மாறும் நேரம் வரும்வரை யோசித்துவிட்டு, பெருந்தன்மையோடு சம்மதித்துக் கைகொடுத்தேன்.

அவருடைய நெல் முழுக்கப் பதராயிற்று. குத்தகையும் கைவிட்டுப்போனது. இருவரும் கனகராயன்குளத்துக்குக் கூலி வேலைக்குப் போனதாகக் கேள்வி.

முறை முடிந்த பிறகும் மடையைத் திறந்திருக்கலாம்; பெரிய வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் மறித்திருக்க மாட்டார்கள். அவர் மடையடியில் நின்று கும்பிட்டுக் கேட்கவும் செய்தார். ஆனால் தன்னோடு சமநிலை செய்தவனுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் சொன்னால், நேர்மையானவன் என்று நான் எடுத்த பெயர் என்ன ஆவது?