வண்டியில் எத்தனை பேர்

மணி பத்தே முக்கால். கேம்ப்பிலிருந்து நாங்குநேரிக்கு வருகிற சாலை... பன்னிரண்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு டீக்கடை கிடையாது. இந்தப் பக்கம் உடைமரம், அந்தப் பக்கம் காற்றாலை. உச்சியில் சிவப்பு விளக்கு எரியும், அணையும். இறக்கை சுற்றுகிற சத்தம் மட்டும்... ஹ்ஹூம்... ஹ்ஹூம்... என்று வந்துகொண்டே இருக்கும்.

பிரியா, சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடு. கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். இது யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. நம்ம காசிலிங்கம் இருக்கிறான் அல்லவா, அவன் தங்கை முத்துராணி... அவள் புருஷன் சுடலைராஜுக்கு நடந்தது. போன வருஷம்தான்.

சுடலைராஜ் வேன் ஓட்டுகிறவன். கேம்ப் என்றால் கடற்படைக்காரர்கள் இருக்கிற இடம். உள்ளே குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், கேன்டீன் எல்லாம் உண்டு, பொழுதுபோகத்தான் வழி இல்லை. அதனால் சனிக்கிழமை வந்தால் அந்தக் குடும்பங்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்வருவது அவன் வேலை. காலையில் குறுக்குத்துறையில் ஆற்றுக் குளியல், மத்தியானம் சினிமா, சாயங்காலம் துணிக்கடை, கையில் சுடச்சுட அல்வா, ராத்திரி மேலப்பாளையத்தில் பிரியாணி. எந்த தேசத்துக்காரர்களாக இருக்கட்டும், நாலு சனிக்கிழமை ஆற்றில் முங்கி எழுந்துவிட்டால், மாற்றல் வந்தாலும் போக மனசு வராது. சுடலைராஜுக்கும் அது சந்தோஷமான பிழைப்பு. அவர்களோடு சேர்ந்து அவனும் முங்குவான், அவனும் படம் பார்ப்பான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் மனசு வீட்டிலேயே கிடந்தது. முத்துராணிக்கு எட்டு மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோயிற்று. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டுமே என்று அவன் கும்பிடாத சாமி இல்லை. அவளோ மூன்று நாளாக ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தாள். காலையில் அவன் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க... மேலப்பாளையத்து மட்டன் பிரியாணி வாங்கிட்டு வாறியளா? அது மட்டும் எறங்கும்னு தோணுது."

அவ்வளவுதான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பகல் முழுக்க அதே நினைப்பு.

ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், கடைக்காரர் உமர் பாரூக் பொட்டலம் கட்டும்போது, "யாருக்கு வே?" என்று கேட்டார். சொன்னான். அவர் கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு, கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு பழைய ஆணி. இரண்டையும் பொட்டலத்து நூலுக்குள் செருகினார்.

"புள்ளத்தாச்சிக்குப் போற கறி. ராத்திரில, அந்த ரோட்டுல, சும்மா கொண்டு போவாதேயும். வீட்டு வாசல்ல போயிதான் இத எடுக்கணும். வெளங்குதா?"

"சரி பாய்."

கறிவாடைக்குப் பின்னால் எதெது வரும் என்று நமக்கெல்லாம் தெரியும். கரியும் இரும்பும் கூட இருந்தால் கிட்டே வராது.

பத்து மணி சுமாருக்கு கேம்ப் கேட். அங்கே ஒரு சட்டம். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் காவல்காரர் டார்ச் அடித்துத் தலையை எண்ணுவார், நோட்டில் எழுதுவார். பொட்டலம் எதுவானாலும் எடுத்துப் பார்ப்பார். அன்றைக்கு நின்றவர் வடக்கே இருந்து புதிதாக வந்தவர். தமிழில் எண்கள் மட்டும் பழகியிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று விரல் நீட்டி எண்ணி, ஆறு என்று எழுதினார். சரிதான். வந்தவர்கள் ஐந்து பேர், சுடலைராஜோடு ஆறு.

அப்புறம் பொட்டலத்தை எடுத்தார். கரியைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். சாப்பாட்டில் எதற்கு இது என்று கையை விரித்தார்.

பின் சீட்டில் சித்ரலேகா என்று ஒரு அதிகாரியின் மனைவி, சென்னைக்காரி. கலகலவென்று சிரித்துவிட்டாள். "என்ன அண்ணா, உங்க ஊர்ல பிரியாணிக்கு ஆணியத்தான் தொட்டுப்பீங்களா?"

வண்டியே சிரித்தது. சுடலைராஜுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காவல்காரர் இரண்டையும் உருவி மேஜைமேல் போட்டுவிட்டு, போகச் சொன்னார். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இவனும் போய்விட்டான்.

எல்லோரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால்... அதே கேட். அதே டார்ச். வெளிச்சம் முன்னால் வந்தது, பின்னால் போயிற்று.

"ஒண்ணு... ரெண்டு." எழுதிவிட்டார்.

"ஒண்ணுதான் சார். நான் மட்டுந்தான்."

அவர் தலையை ஆட்டினார். நடு சீட்டைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார். அங்கே ஒரு அம்மா தூங்குகிறது என்று அர்த்தம்.

சுடலைராஜ் திரும்பிப் பார்த்தான். எல்லா சீட்டும் காலி. நடு சீட்டில் பிரியாணிப் பொட்டலம் மட்டும் இருந்தது. காவல்காரரும் இன்னொரு தடவை டார்ச் அடித்தார். அவர் முகம் மாறிப்போயிற்று. இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதி, தடுப்புக் கம்பியைத் தூக்கினார். ஆணி மேஜைமேல்தான் கிடந்தது. கேட்டால் கொடுத்திருப்பார். மறுபடியும் சிரிப்பார்களோ என்று இவனுக்கு வாய் வரவில்லை. மடையன்! ஒரு நிமிஷம் வெட்கத்தை விட்டு வாங்கித் தொலைத்திருக்கலாம்.

அப்படித்தான் பத்தே முக்காலுக்கு அந்தச் சாலையில் வந்தான்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. வண்டி முழுக்கப் பிரியாணி வாசம். மூன்றாவது கிலோமீட்டரில்... அந்த வாசம் நின்றுவிட்டது. ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது. அதற்குப் பதில் வேறொரு வாடை. மஞ்சள்... பெருங்காயம்... அடியில் கொஞ்சம் இரத்தம். பிள்ளை பெற்ற வீட்டில் வருமே, அந்த வாடை.

பிறகு சத்தம். நடு சீட்டு... க்றீச். பாரமான ஆள் யாரோ புரண்டு உட்காருகிற சத்தம். பொட்டலத்துத் தாள்... சரசர. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடியும்... சரசர.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கறியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். ஆனால் மூன்று நாளாகப் பட்டினி கிடக்கிறவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே சாப்பாடு... அதை எப்படி எறிவான்? ஐயோ, அந்த மனுஷன் பட்ட பாடு! ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதானாம். பிடரியில் யாரோ மூச்சு விடுகிற சூடு. அப்போதும் எறியவில்லை.

குளத்தங்கரை வந்தது. அங்கே ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டுவைக்கிற கல். வழியில் போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த இடத்தில் வண்டி திணறியது. இனித் தாங்காது என்று நிறுத்தினான். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பொட்டலத்தை எடுத்தான். சோற்றை மண்ணில் போட மனசு வரவில்லை. கல்லின் மேலே வைத்தான்.

"தாயே, எடுத்துக்கோ. என் வீட்டுக்கு மட்டும் வந்துராத."

பொட்டலம் கையில் லேசாக இருந்தது. அப்போது அவனுக்கு அது உறைக்கவில்லை.

அங்கிருந்து நாங்குநேரி வரைக்கும் வாடை இல்லை, சத்தம் இல்லை. தேரடித் தெருவிளக்கைப் பார்த்ததும்தான் அவனுக்கு மூச்சே வந்தது. நாலு இட்லியாவது வாங்கலாம் என்று பார்த்தால் கடையெல்லாம் அடைத்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்குள் போனான்.

முத்துராணி அடுக்களையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் மூன்று நாளாக இல்லாத தெளிவு.

"வந்துட்டியளா? நல்ல ருசிங்க. வயிறு நெறஞ்சு போச்சு."

"என்னத்தத் தின்ன?"

"பிரியாணிதான். நீங்கதான குடுத்து விட்டிய? ஒரு அக்கா கொண்டாந்து தந்தா. நீங்க வர நேரமாவும்னு சொன்னா."

"எப்ப... எப்ப வந்தா?"

"கால் மணி நேரம் இருக்கும். பாவம், அவளும் புள்ளத்தாச்சி. ரொம்பப் பசிக்குதுன்னா. உக்காரச் சொல்லி, ரெண்டு பேரும் ஒரே எலையில தின்னோம். போறப்ப என் வயித்தத் தடவி, நல்லபடியாப் பெறு, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனா."

தரையில் ஒரே இலை. முத்துராணி உட்கார்ந்த பக்கம் எலும்பு குவிந்து கிடந்தது. எதிர்ப்பக்கம்... எலும்புகூட இல்லை.

எட்டு மாதக்காரியிடம் எதைச் சொல்வான்? பிரசவம் வரைக்கும் ராத்திரி உறங்காமல் வாசலில் கட்டிலைப் போட்டுக் காவல் கிடந்தான். கடைசியில் பெண் பிள்ளை. சுகப்பிரசவம். மூன்று கிலோ. ராத்திரியில் அழவே அழாத பிள்ளை. பார்க்கிறவர்கள் எல்லாம், கொடுத்துவைத்தவள் என்று முத்துராணியைச் சொன்னார்கள். அவனுக்கும் பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று. சனிக்கிழமை வண்டியை மறுபடியும் எடுத்தான், ஆற்றில் முங்கினான், சிரித்தான்.

மூன்றாவது மாதம். பிள்ளையைப் பார்க்க வேண்டும், குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சித்ரலேகா போன் செய்தாள். பொழுது சாய்கிற நேரம் கிளம்பினார்கள். முன் சீட்டில் முத்துராணி. பின்னால் மேல்கம்பியில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் பிள்ளை. கேட்டில் அதே காவல்காரர்.

விரல் நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு..." சுடலைராஜ்.

"ரெண்டு..." முத்துராணி.

"மூணு..." தூளி.

விரல் அங்கே நிற்கவில்லை. தூளிக்குப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தது.

"நாலு."

எழுதிவிட்டார். சுடலைராஜ் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தான். வண்டி நின்று வெகுநேரம் ஆகிவிட்டது... தூளி மட்டும் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

எப்படியாவது வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று கியரில் கை வைத்தான். முத்துராணி அந்தக் கையைப் பிடித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பைய எடுங்க... இப்பத்தான் அவ புள்ளைய ஒறங்க வச்சிருக்கா."