கூடுன நம்பர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ். முன் சீட்டில் புருசனும் பெண்டாட்டியும். கையில் லேப் சீட்டு.

"போன தடவ ஒனக்கு ரத்தம் ஒம்பதுதேன்னு டாக்டர் வஞ்சாக. இப்ப நூத்தி அறுவது! எல்லாம் என் முருங்கக்கீர."

"அதேன் தேனி டாக்டர்ட்ட காட்டாம வீட்டுக்கே கெளம்பிட்டமே," என்ற புருசன் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஆத்தா, இது ரத்த அளவு இல்ல. குடல் வீக்கம் எம்புட்டு முத்திருக்குன்னு காட்டுற நம்பரு. கூடுனா ஆபத்து. ஒடனே காட்டுங்க."

பஸ் வீரபாண்டி ஊரைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க! எந்திரிய்யா," என்று புருசன் கையைப் பிடித்து இழுத்தாள் பெண்டாட்டி.

அவர் எழவில்லை.

"எந்திரிக்க முடியலடி. காலையிலருந்தே வலி கூடிப்போச்சு. சீட்டப் பாத்து நீ சந்தோசமா இருந்த, அதேன் சொல்லல."