உள்ளே வரும்போது அடித்த மணி

— இன்னொரு தடவ நட அக்கா.

— எத்தன தடவடா நடக்கறது? காலு என்ன வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கேன்?

— கைய தூக்கிக்கோ. ரெண்டு தூணுக்கும் நடுவுல வந்து நில்லு. அசையாத… பாத்தியா? மறுபடியும் அடிக்குது.

— உன் மெஷினுக்கு வயசாயிடுச்சு. காலைலயே பொலம்புது.

— கதிர்வீச்சு புடிக்கற மெஷினுக்கா, அதுல ஒரு கோளாறும் இல்ல. இப்பதான் நானே நடந்து காட்டினேன், மூச்சு விடல. உன் ஷிப்ட் ஆளுங்க மொத்தப் பேரும் உள்ள போனாங்க, கம்முனு இருந்துச்சு. நீ வந்தா மட்டும் கத்துது.

— காவல்கார அண்ணே! கேட்ட தொறக்கற உத்தேசம் இருக்கா இல்லயா? பீப்பாய ஏத்தியாச்சு, பூட்டியாச்சு, சீல் வச்சாச்சு. என் லாரி மூக்கு உங்க கேட்ட முட்டிட்டு நிக்குது. முன்னாடி போலீஸ், பின்னாடி போலீஸ். இந்த மவுசு என் பொழப்புக்கு வேற எப்பண்ணே கெடைக்கும், சீக்கிரம் விடுங்க.

— மணி அடிச்சா கேட் தானா பூட்டிக்கும் டிரைவரே. ஏன் அடிச்சுதுன்னு தெரியற வரைக்கும் ஒரு ஈ வெளிய போகாது.

— பீப்பாய் அடைக்கற அக்காதானே? உங்க கூடப் பொறந்தவங்களாச்சே!

— டூட்டில எனக்குக் கூடப் பொறந்தவங்க கெடயாது.

— கேட்டுக்கோங்க அக்கா. போன மழைக்கு பெரிய மேனேஜரையே செருப்பக் கழட்ட வச்சு, வெறுங்காலோட வீட்டுக்கு அனுப்பின ஆளு இது. நான் லாரில உக்காந்து கண்ணாரப் பாத்தேன். உள்ளுக்குள்ள ஒரு கும்புடு போட்டேன்.

— அவர் செருப்புல ஆலை மண்ணு ஒட்டியிருந்துச்சு. அது வீட்டுக்குப் போனா, அவர் கொழந்தை தவழற எடத்துல உதிரும். மேனேஜர் வீட்டுக் கொழந்தையும் கொழந்தைதானே. அக்கா, இப்படி உக்காரு. சொல்றதக் கேளு.

— நீ மொதல்ல உக்காரு. பாதம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கியிருக்கு.

— என் பாதத்த விடு. வெளிய போறப்ப மணி அடிச்சா, தூசி, கழுவிட்டு போன்னுடுவேன். உனக்கு உள்ள வர்றப்ப அடிக்குது. புரியுதா? வெளியிலேர்ந்து வர்ற ஆள் மேல அது எப்படி வரும்? இங்கேர்ந்து எதையோ எடுத்துட்டுப் போயிருந்தாத்தான் வரும்.

— திருடின்னு சொல்ற.

— நான் சொல்லல. நான் ஃபோன எடுத்தேன்னா அதிகாரிங்க சொல்லுவாங்க. போலீஸ் உன் வீட்டுக்கு வரும். அலமாரி, அரிசி டப்பா எல்லாத்தையும் கொட்டிப் பாப்பாங்க. வேலை போறது சின்ன விஷயம். யுரேனியத் திருடின்னு பேர் வந்துட்டா, அந்தப் பேர் பேரன் பேத்தி வரைக்கும் நிக்கும்.

— மாசக் கடைசில அரிசி டப்பாவக் கொட்டி அரிசி கெடச்சா, எனக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லு.

— வெளயாடாத அக்கா.

— யாருடா வெளயாடறா? எவ்வளவு கல்லு! பூமிக்கு அடியில ஆளுங்க வெட்டி அனுப்பறாங்க. அத அரைச்சு, அமிலத்துல ஊற வச்சு, வடிச்சு, காய வச்சு, ஒரு குன்றே கரைஞ்சு வந்து கடைசில என் முன்னாடி ஒரு பீப்பாய் மஞ்சப் பொடியா நிக்குது. மூடிய நான் போடறேன். போடறதுக்கு முன்னாடி ஒருத்தர் எடை பாப்பாரு, போட்டப்பறம் இன்னொருத்தர். ஒரு கரண்டி கொறைஞ்சாலும் அது எங்கன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டோம். முதுகு ஒடிஞ்சு போவும், ஆனா அந்த மூடி இறுகறப்ப வர்ற சத்தம் இருக்கு பாரு, அதக் கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்கும். நான் அதுல கை வைப்பேனா?

— அக்கா சொல்றது நெசம் அண்ணே. நான் ஏத்திட்டுப் போறேன்ல, அந்த ஆலைல இதக் காத்தா மாத்துவாங்களாம். குழாய் குழாயா மெஷினு, பம்பரம் தோத்துடும், அதுல விட்டு சுத்து சுத்துன்னு சுத்தி, வீரியமான பங்கத் தனியாப் பிரிப்பாங்களாம். என்ன உள்ள விட மாட்டாங்க. வெளிய நின்னா ஒரு ரீங்காரம் கேக்கும். ராவும் பகலும் நிக்காதாம். எனக்குப் புல்லரிக்கும்.

— அப்புறம் உலைல வெந்து, கரண்ட்டா வருது. உன் ரத்தத்த வாரம் தவறாம சுத்தம் பண்ற மெஷினும் அந்தக் கரண்ட்லதான்டா ஓடுது. அதுல திருடுவேனா நானு?

— அதனாலதான் அக்கா கேக்கறேன். நேத்து ஏன் லீவு போட்ட?

— கல்யாணம்னு சொன்னேனே.

— மாமாகிட்ட கேட்டேன். எந்தக் கல்யாணமும் இல்லன்னாரு.

— அந்த மனுஷனுக்கு எங்க கல்யாணமே ஞாபகம் இருக்காது.

— அக்கா!

— சரி, சோதிச்சுக்கோ. ஆனா நீ வேண்டாம். அந்தப் பக்கத்து கேட்டுல இருக்கற காவல்கார அம்மா வந்து பாக்கட்டும்.

— ஏன், நான் பாத்தா என்ன? சொந்தம்னு விட்டுடுவேன்னு ஊர் பேசும்னா?

— நீ விட மாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

— அண்ணே, மொகம் வெளுத்துப் போச்சு. இந்தாங்க, ரெண்டு மடக்கு தண்ணி குடிங்க.

— வேண்டாம் டிரைவரே. எனக்கு ஒரு நாளைக்கு இந்த ஒரு பாட்டில்தான் அளவு. இப்பவே குடிச்சுட்டா சாயங்காலம் நாக்கு ஒட்டிக்கும்.

— வேற கிட்னி வச்சா சரியாப் போகும்பாங்களே?

— வரிசைல பேர் இருக்கு. வர்றப்ப வரும்.

— அந்த வரிசை நகரவே மாட்டேங்குது.

— அக்கா, அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். வீட்டு ஆளுங்க யாரும் எடுக்கக் கூடாது. எழுந்து நில்லு. டிரைவரே, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. மீட்டர் மேல படாதுக்கா, ஒரு சாண் தள்ளித்தான் புடிப்பேன். கைய நீட்டு… ஒண்ணும் இல்ல. தலைமுடி… இல்ல. பை, சாப்பாட்டு டப்பா, செருப்பு… இல்ல. திரும்பு.

— போதும்டா.

— திரும்பு அக்கா… இங்க. இடுப்புக்குக் கொஞ்சம் மேல. கத்துது. நடுமுதுகுல கொறையுது… இந்தப் பக்கம் மறுபடியும் கத்துது. ரெண்டு பக்கமும் ஒரு கையகலம்தான். இது மேல ஒட்டினது இல்ல. உள்ள இருக்கு.

— திரையில என்ன பொருள்னு காட்டும்ல, அதப் படி.

— யுரேனியம் இல்ல… மருத்துவப் பொருள்னு வருது. ஆஸ்பத்திரில போடற ஊசி மருந்து.

— அப்பாடா! கேட்டுக்கோங்க, நான் அப்பவே சொன்னேன்ல? கேட்டத் தொறங்க அண்ணே, போலீஸ்காரர் ஆரன் அடிச்சே என் காது போச்சு.

— போங்க. சீல் பாத்தாச்சு. பாத்துப் போங்க.

— வரேன்க்கா! உங்க பீப்பாய பத்திரமா சேத்துடறேன்!

— …அக்கா. இந்த எடம் எனக்குத் தெரியும்.

— தெரியும்னுதான் உன்ன வேண்டாம்னேன்.

— எனக்கும் இங்கதான் பாத்தாங்க. ரெண்டும் அவிஞ்சு போச்சுன்னாங்க. உனக்குமா? எத்தன நாளா மறைச்ச? கால் வீங்குதா? மூச்சு வாங்குதா?

— பொலம்பாதடா, டூட்டில இருக்க. நேத்து ஊசி போட்டாங்க. ராத்திரி நல்லாத் தண்ணி குடிச்சா வெளிய போயிடும்னு நெனச்சேன். உன் பங்கையும் சேத்துக் குடிச்சேன். அப்பவும் உன் மெஷினு புடிச்சுடுச்சு. கெட்டிக்கார மெஷினுடா.

— எதையாவது நேரா சொல்லுக்கா. கெட்டுப் போச்சா இல்லயா?

— கெட்டுப் போயிருந்தா இப்படிக் கத்துமா? அந்த மருந்து, நல்லா வேல செய்யற எடத்துலதான் போய்த் தங்குமாம்.

— ஒண்ணுமே இல்லாதவளுக்கு எதுக்கு ஊசி? எதுக்குப் பாத்தாங்க?

— ரெண்டு பக்கமும் நல்லா சத்தமாக் கத்துச்சுல்ல? அதுல ஒண்ணு உன்னோடது.