சாவி ஓட்டைக்குள்ள ஒரு குடும்பம்

அந்தக் கதவு இல்ல பூட்டுக்காரண்ணே, பீரோவுல இந்தக் கதவு. டார்ச்ச இங்க அடிங்க. உள்ள ஒடஞ்ச சாவி மட்டும்தான் இருக்குன்னு நெனச்சு ஊசிய விட்டுறாதீங்க. இப்போதைக்கு உள்ள ஒரு குடும்பமே இருக்கு.

மொதல்ல பாதி சாவி. அத எடுக்கறேன்னு மச்சான் வந்தாரு, என் பொண்டாட்டிக்கு அண்ணன். கையில காந்தம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. பித்தள சாவிய காந்தம் இழுக்காதுன்னு நான் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? ஒரு மணி நேரம் பீரோவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சாவி வரல. கீல்ல லூசா இருந்த ஆணி ரெண்டு வந்துச்சு.

அடுத்து பக்கத்து வீட்டு டீச்சரம்மா. கொண்ட ஊசிய விட்டு நெம்புனாங்க. ஊசி உள்ளயே ஒடஞ்சிருச்சு, இங்க கொண்ட அவுந்துருச்சு.

அப்புறம் பசை. ஆமாண்ணே, பசையேதான். குச்சி மொனையில ஒரு சொட்டு வச்சு, சாவியில ஒட்டி இழுத்தா வந்துரும்னு ஒருத்தன் சொன்னான். குச்சி நல்லா ஒட்டுச்சு, பூட்டோட. அந்த ஒருத்தன் நான்தான். சிரிக்காதீங்க, டார்ச் ஆடுது பாருங்க.

ஒடைக்கறதா? அந்தப் பேச்சே வேணாம். என் பொண்டாட்டிக்கு அவ அப்பா செஞ்சு குடுத்த பீரோ. இதுல கீறல் விழுந்தா அடுத்த கீறல் எனக்குத்தான்.

வர்றப்ப வாசல்ல பாத்தீங்கள்ல, பெட்டி மேல உக்காந்திருந்தது? அவதான். நாலு நாளா அப்படித்தான். பெட்டி காலி. சேல துணிமணி மொத்தமும் இதுக்குள்ள மாட்டிக்கிச்சு. கட்டுன சேலையோட அண்ணன் வீட்டுக்குப் போனா, புருசன் வெரட்டிட்டான்னு ஆயிருமாம். கதவு தொறந்த அடுத்த நிமிசம் கெளம்பிருவா. உங்களுக்கு போன் போட்டதே அவதான?

நான் என்ன பண்ணேனா? ஒண்ணுமில்லண்ணே, சிரிக்க வச்சேன். அவ புதுசா ஒரு தையல் கடை தொறந்தா. மொத நாளு, துணி குடுக்க மூணு பேரு வந்திருந்தாங்க. இவ தச்ச சட்டையப் போட்டுக்கிட்டு, ஒரு கை நீளம் ஒரு கை குட்டங்கற மாதிரி கோணிக்கிட்டு நடந்து காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. மூணு பேரும் துணிய மடக்கி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவ கடை ஷட்டர எறக்கிட்டு வந்து பரண்ல இருந்து பெட்டிய எறக்கிட்டா.

இதோ, அந்தச் சட்டதான் போட்டிருக்கேன். கைய நீட்டறேன், பாருங்க. அளவெடுத்த மாதிரி இல்ல? நாலு நாளா கழட்டல.

சாவியோட தலப்பக்கமா? பையிலதான் இருக்கு, இந்தாங்க. பளபளன்னு தடம் இருக்கா? ம்... குறடுத் தடம்தான். மெல்லப் பேசுங்கண்ணே, வாசல் பக்கம். பித்தளைன்னு பேரு, லேசுல ஒடையுதா? மூணு தடவ முறுக்க வேண்டியதாப் போச்சு.

நேத்து நான் நோண்டறப்ப அவளா வந்து டார்ச் புடிச்சாண்ணே. எடது பக்கம் பாருங்கன்னா. நாலு நாள்ல அந்த மூணு வார்த்ததான்.

அதான் சொல்றேன். பசை இன்னும் அர டியூப் இருக்கு. உங்க கையால பூட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டுட்டுப் போங்க.