ஊக்கின் நிழல்

எக்ஸ்ரே எடுக்க வரும் பெண்கள் எங்கள் பக்கத்தில் தாலியைக் கழற்ற மாட்டார்கள். நாங்களும் வற்புறுத்துவதில்லை. எங்கள் டெக்னீஷியன் லில்லி, "சங்கிலியைப் பொறத்தால தூக்கிப் போடுங்கக்கா, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பாள். நெஞ்சில் கிடந்தாலும் முதுகில் கிடந்தாலும் எக்ஸ்ரேக்கு ஒன்றுதான். படத்தில் விழத்தான் செய்யும். தாலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளும் சேர்ந்து விழும். ஒன்று, மூன்று, சிலருக்கு ஏழு. இருபது வருடமாகப் படம் பார்க்கிறவன் நான். ஊக்கைக் கண்டால் என் கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

நீங்கள் காவல்துறைக்காரர், அதனால் என் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கதிரியக்க மருத்துவன்தான். ஆனால் இருட்டறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் மட்டும் எழுதுகிறவன் அல்ல. தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித் துளை போட்டு, ரத்தக் குழாய்க்குள் மெல்லிய வயரை விட்டு, திரையில் ஓடும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே அடைப்பை எடுப்பேன், கசிவை அடைப்பேன். கத்தி கிடையாது, தையல் கிடையாது. பாளையங்கோட்டை ஆட்டோக்காரர்களுக்கு நான் 'ஒயர் டாக்டர்'. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

பேச்சித்தாய் சீவலப்பேரிக்காரி. முப்பத்தெட்டு வயது, வயல் வேலைக்குப் போகிறவள். போன ஆடியில் காலில் ரத்தம் உறைந்து, இடது கால் வீங்கி வந்தாள். உறைந்ததை எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். கடைசியில் வயரை உருவும்போது அது எங்கோ சிக்கியது. மெல்ல இழுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அது நான்காவது கேஸ், எனக்குப் பசி. வெடுக்கென்று இழுத்தேன். வயர் வந்தது, நுனி வரவில்லை. விரல் நீளத் துண்டு ஒன்று ரத்தத்தோடு மேலே போய் இதயத்தின் வலது அறைக்குள் நின்றதைத் திரையில் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அதை எடுப்பது பெரிய காரியமில்லை. கண்ணி வைத்த கம்பி ஒன்று இருக்கிறது. உள்ளே அனுப்பி, சுருக்குப் போட்டுப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடலாம். இருபது நிமிடம். மற்ற டாக்டர்கள் தவறவிட்டதை அப்படிப் பதினொரு பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் மதுரையில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றித்தான் பேசவிருந்தேன். அந்த நேரத்தில், என் கையிலேயே ஒன்று நழுவிவிட்டது என்று எப்படிச் சொல்வது? பலருக்கு இப்படித் துண்டு ஆயுளுக்கும் தொந்தரவில்லாமல் கிடந்திருக்கிறது. கையுறையைக் கழற்றினேன். மதுரையில் பேச்சு நன்றாக அமைந்தது.

ஐப்பசியில் நெஞ்சில் குத்துகிறது என்று வந்தாள். லில்லி எடுத்த படத்தில், இதயத்தின் நிழலுக்குள், தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு. 'தாலியில் கோத்த ஊக்கின் நிழல், வேறு குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வயர் விட்டவனும் நான், பிறகு படம் பார்த்துச் சொல்கிறவனும் நான். இங்கே நடைமுறை அப்படி. என் ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர்கள் யாரும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

தை மாதம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கழுத்தில் சங்கிலி இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள் மட்டும் தொங்கியது.

"தாலி, ஊக்கு எல்லாத்தையும் வீட்ல கழத்தி வச்சிட்டு வந்துட்டேன் சார். இப்பம் எடுத்துப் பாருங்க," என்றாள். "உள்ள என்னமோ கெடக்கு. திரும்பிப் படுத்தா குத்துது."

கூட வந்த அவள் புருஷன் மாடக்கண்ணுவின் முகம் சரியில்லை. கட்டினவன் உயிரோடு இருக்கையில் தாலியைக் கழற்றியதற்கு வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அவ்வளவையும் தாண்டித்தான் வந்து நின்றாள்.

லில்லி சாப்பிடப் போகும்வரை அவர்களைக் காக்க வைத்தேன். பிறகு நானே படம் எடுத்தேன். எடுப்பதற்கு முன், கவுன் முடிச்சைச் சரிசெய்வது போல, அவள் உள்பாடியின் முதுகுப் பக்கம் ஒரு ஊக்கைக் குத்தினேன். இடம் எனக்குத் தெரியும். படம் சுத்தமாக வந்தது. பெரிய ஊக்கு, அதை ஒட்டி ஒரு கோடு. ஊக்கைப் பார்த்த கண் கோட்டைத் தனியாகப் பார்க்காது.

உள்பாடியில் ஒரு ஊக்கை மறந்திருப்பாள் என்று சொல்லிப் படத்தை மாடக்கண்ணுவிடம் காட்டினேன்.

"ஏளா, தாலியைக் கழத்தத் தெரிஞ்சுது, ஊக்கைக் கழத்தத் தெரியலியோ?" என்றான் அவன்.

"எல்லாத்தையும் கழத்துனேன்," என்றாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கி, "கழத்துனேன்னுதான் நெனைக்கேன்" என்றாள்.

அன்று முதல் எனக்குக் கோடு தெரிய ஆரம்பித்தது. திசையன்விளை வியாபாரி ஒருவரின் படத்தில் தெரிந்தது. பிறந்து ஒன்பது நாளான குழந்தையின் படத்தில் தெரிந்தது. திரும்ப எடுக்கச் சொல்வேன். "எங்கன சார் கோடு? ஒண்ணும் இல்லியே," என்பாள் லில்லி. ஆற்றில் குளிக்க இறங்கி முங்கினால், மூடிய கண்ணுக்குள்ளும் அது நின்றது. எனக்குப் பயமாக இருக்கிறது. யாரும் புகார் கொடுக்காதபோது எதற்கு வந்தீர்கள் என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

பங்குனியில், அறுப்பு வயலில் கதிர்க்கட்டைத் தூக்கப் போன பேச்சித்தாய் வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். துண்டு இதயச் சுவரைக் குத்தி வெளியே வந்திருக்கும். சுற்றிலும் ரத்தம் தேங்கி இதயத்தை நெருக்கியிருக்கும். உடனே போகிற உயிர் அல்ல அது. அரைமணி நேரமாவது மூச்சுக்குத் தவித்திருப்பாள்.

எட்டாம் நாள் மாடக்கண்ணு வந்தான். சாம்பல் அள்ளும்போது எலும்போடு கிடைத்தது என்று ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் பிரித்து வைத்தான். கறுத்துப்போன கம்பி.

"நகை நட்டு எல்லாத்தையும் கழத்திட்டுத்தான் சார் தீ வச்சோம்," என்றான். "இது அவளுக்கு உள்ள கெடந்ததா? கெடக்கு, கெடக்குன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. பொய் சொல்லுதான்னு நான் ரெண்டு தடவை கை நீட்டிட்டேன் சார்."

நான் எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன்.

"பாடை கட்டுன கம்பியா இருக்கும்வே," என்றேன். "உம்ம பொஞ்சாதிக்கு உள்ள ஒண்ணும் இல்ல. படத்துல நான் பார்த்தேன்லா."

ரொம்ப நேரம் அழுதான். பிறகு என்னைக் கும்பிட்டுவிட்டு, கம்பியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். இதோ, இதுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். வயரை உள்ளே விட்டது நான். மறைத்தது நான். அவள் வந்து நின்ற இரண்டு முறையும் எடுக்காமல் திருப்பி அனுப்பிச் சாகவிட்டது நான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அவன் நிம்மதியாகத்தான் போனான். அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்தது அது ஒன்று. அதையும் நீங்கள் கெடுத்துவிடாதீர்கள்.