ஜுபைதா லாத்தாவின் பழைய மெயில்

—அழிக்கப்போறான்னா, நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்காமயா அழிப்பான்?

—கேப்பான் லாத்தா. அழிக்கப்போறேன்னு மெயில் அனுப்புவான்.

—எந்த மெயிலுக்கு?

—அழிக்கப்போற அந்த மெயிலுக்குத்தான்.

—நல்ல நியாயம்டா முஹ்சின். பூட்டுன வீட்டுக்குள்ள நோட்டீஸ ஒட்டிட்டு வீட்ட இடிக்க வாரானாக்கும்.

—நியூஸ்ல பெருசா போட்டிருக்கான். ரொம்ப நாளா திறக்காத மெயில் கணக்கையெல்லாம் கம்பெனிக்காரன் இந்த மாசக் கடைசியோட துடைச்சிருவானாம். இடத்த அடைக்குதாம் அவனுக்கு.

—இடமா? நாம என்ன பஜார்ல கடையா போட்டு வச்சிருக்கோம்? எல்லாம் காத்துலதானே கிடக்கு?

—காத்துல இல்ல லாத்தா. எங்கயோ பெரிய பெரிய கிட்டங்கியா கட்டி, மிஷின அடுக்கி, ஏசி போட்டு வச்சிருக்கான். கரண்டு பில்லு தாங்கலைங்கான்.

—ஓசியாத் தாரேன், வா வான்னு கூப்பிட்டவன் அவன்தானே. இப்ப பில்லு பேசுதான்.

—நம்ம மேலயும் தப்பு இருக்கு. கணக்குத் தொடங்கையில ஒரு நீளமான பத்திரம் வரும். ஊருல ஒருத்தன் வாசிக்கல. 'ஒத்துக்கிடுதேன்'னு கீழ ஒரு தட்டு. உங்களுக்கும் நான்தான் தட்டினேன்.

—அதுல என்ன எழுதிருந்துச்சு?

—நெனச்ச நேரம் எடுத்துக்கிடுவோம்னு எழுதிருந்துச்சாம். இப்பதான் சொல்லுதாங்க.

—நிக்காஹ்ல கூட எங்கிட்ட வந்து சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் போனாங்க. சரி, நீ அத திற. அழியுறதுக்கு முந்தி உன் மச்சான் சவுதியில இருந்து எழுதுனது பூரா ஒண்ணு விடாம எனக்கு வேணும். இந்தா, பென்டிரைவு வாங்கிட்டு வந்திருக்கேன்.

—டிக்கெட்டும் பிரிண்ட் போடணும்னீங்க?

—அதுவும் போடு. அஃப்ரா உன் வாட்சப்புக்கு அனுப்பிருக்காளாம். இன்னைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

—சென்னைக்கு மக வீட்டுக்குத்தானே. எப்பத் திரும்புதீங்க?

—டிக்கெட்டப் பாரு. போறதுக்கு மட்டுந்தான் போட்டிருக்கு.

—லாத்தா?

—என்ன லாத்தா. அவ வேலைக்குப் போறா, பிள்ளையப் பாக்க ஆளு இல்லங்கா. அது ஒரு சாக்கு. எனக்கு இங்கன இருப்புக் கொள்ளல.

—அப்ப மச்சான்?

—உன் மச்சான் மாடியில இருப்பாக. கீழ நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. கொரோனா நேரத்துல தம்மாமுல இருந்து வந்தவுக. அன்னையில இருந்து எங்கிட்டப் பேசுன பேச்சு என்ன தெரியுமா? 'உப்பு'. 'தண்ணி'. 'மோட்டாரப் போடு'. அதோட சரி பாத்துக்கோ. மிச்ச நேரம் செல்லு. அதுலயும் வெள்ளிக்கிழமன்னா கேக்க வேண்டாம். ஜும்மா முடிஞ்சு வந்தா சாயங்காலம் அசர் பாங்கு சொல்லுத வரைக்கும் மாடிக் கதவச் சாத்திக்கிட்டு அத நோண்டிக்கிட்டே கிடப்பாக. இன்னைக்கும் வெள்ளிக்கிழமதானே, இப்பவும் அப்படித்தான் இருக்காக. சோத்த வடிச்சு மூடி வச்சிட்டு நான் பாட்டுக்கு இறங்கி வந்துட்டேன்.

—ரீல்ஸா இருக்கும். அது ஒரு பிசாசு லாத்தா. அத நாம பாக்கல, அதுதான் நம்மளப் பாக்குது. எதுல கொஞ்சம் நின்னு பாக்கோமோ அதையே திருப்பித் திருப்பி ஊட்டுது. நேத்து எம்பொண்டாட்டி, ஒரு சட்டி வாங்கணும்னு வாயாலதான் சொன்னா. கொஞ்ச நேரத்துல எம்போனு பூரா சட்டி.

—பேச்ச ஒட்டுக் கேக்குதுங்காங்களே.

—கேக்கவே இல்லன்னு கம்பெனிக்காரன் சத்தியம் பண்ணுதான்.

—எங்க வீட்டுல வந்து கேக்கட்டும். பேச்சு இருந்தால்லா ஒட்டுக் கேக்கதுக்கு. பாவம், அதுக்கும் தூக்கம் வந்துரும்.

—சிரிக்கவா, என்ன செய்யன்னு தெரியல லாத்தா.

—நீயும் ஒரு காலத்துல ஒட்டுக் கேட்டவந்தானே.

—நானா?

—பின்ன? இப்ப ஜெராக்ஸ் மிஷின் நிக்குத இந்த இடத்துல பலகையடிச்சு அறை அறையா வச்சிருந்தே. வாசல்ல 'நூர் பிரவுசிங் சென்டர்'னு போர்டு. அந்த மூலை அறைக்கு மட்டும் திரை போட்டு, பொம்பளையளுக்குன்னு விட்டிருந்தே. நான் சொல்லச் சொல்ல அடிச்சது யாரு? அவுக அங்கன இருந்து எழுதுறத எனக்கு வாசிச்சுச் சொன்னது யாரு? எனக்கும் எம்மாப்ளைக்கும் நடுவுல உக்காந்திருந்தவன் நீதான்டா.

—என்ன செய்ய. உங்களுக்கு இங்கிலீசு எழுத்து ஓடாது. அப்ப தமிழப் பூராவும் இங்கிலீசு எழுத்துலதான் நான் அடிப்பேன். அந்த ஊருல நெட்டுல குரலு விட்டுப் பேசவும் விடமாட்டான், அடைச்சு வச்சிருந்தான். ஓசியில பேசிட்டா போன் கம்பெனிக்கு நட்டமாம். இது என்ன அநியாயம்னு அன்னைக்கு யாரு கேட்டா? இப்பல்லா நெட்டு உரிமை அது இதுன்னு பேசுதாங்க.

—அடைச்சதே நல்லதாப் போச்சு முஹ்சின். பேச முடியாததுனாலதான் அம்புட்டுப் பேசுனோம்.

—வெள்ளிக்கிழம அங்க லீவுன்னு ஜும்மா முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணு போல வருவீங்க. மொதல்ல நீங்கதான் நிப்பீங்க.

—மொதல்ல வந்தாத்தானே மூலை அறை கிடைக்கும். உள்ள வந்து உக்காருததுக்குள்ள அவுக கேட்டிருப்பாக.

—'சாப்ட்டியா'ன்னு.

—வேற ஒண்ணும் வராது, மொதல்ல அதுதான் வரும்.

—நீங்களும் உடனே, 'சாப்ட்டேன்னு அடி'ம்பீங்க.

—எங்கன சாப்ட்டேன். சோத்த வடிச்சும் வடியாம விட்டுட்டு ஓடி வந்திருப்பேன். வயிறு கிடந்து கத்தும். இல்லன்னா தூரத்துல இருக்க மனுசன் கலங்கிப் போவாகளேன்னு, அதையே சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன்.

—கத்துனது எனக்கே கேட்டிருக்கு லாத்தா.

—போடா. ஏல, நான் திட்டுனதையும் அடிச்சியா நீ? ஒரு பெருநாளைக்கு வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராமப் போனாகளே. அன்னைக்கு நான் பேசுனது?

—அடிச்சேன். கொஞ்சம் காரம் குறைச்சு.

—அதான் குடும்பம் தப்பிச்சுது. அவுக எழுதுறது எப்படி இருக்கும், நெனவு இருக்கா உனக்கு? ரூம்புல ஒரு பல்லி இருக்கு, அதுக்கு உன் பேர வச்சிருக்கேன்னு எழுதினாக. வேல முடிஞ்சு வந்தா ஜுபை, ஜுபைன்னு அதுகிட்டதான் பேசுவாகளாம்.

—அத வாசிக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு வாசிச்சேன்.

—அந்த ஆளு எங்கன போனாரு முஹ்சின்? அவர அங்கனயே விட்டுட்டு வேற யாரையோ ஏரோப்பிளேன்ல ஏத்தி எங்கிட்ட அனுப்பிட்டாங்களோன்னு இருக்கு. அதான் சொல்லுதேன். மனுசன் இங்கன இருக்கட்டும். அவரு பேச்ச மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்.

—வாட்சப்புல பேசிக்கிட்டீங்கல்லா, பிற்பாடு?

—கைக்குக் கை செல்லு வந்த பிறகுதான் எல்லாம் போச்சு. காலையில ஒரு ரோசாப்பூ. வெள்ளிக்கிழமன்னா 'ஜும்மா முபாரக்' எழுதுன ரோசாப்பூ. மாடியில இருந்துகிட்டு குடும்பக் குரூப்புல போடுதாக. எனக்கு வார அதே பூ ஏரல்ல இருக்க எங்க நாத்தனாளுக்கும் போவுது.

—இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு லாத்தா. ஒரு ஆளோட பழைய எழுத்தையெல்லாம் அதுக்குக் குடுத்துட்டா, அந்த ஆளு மாதிரியே நம்மகிட்டப் பேசுமாம். மௌத்தாகி அடக்கம் பண்ணுனவுகளக்கூடப் பேச வைக்காங்க.

—அஃப்ராவும் சொன்னா. எனக்கு வேண்டாம்ப்பா. பல்லிக்கு எம்பேர வைக்கணும்னு மிஷினுக்குத் தோணுமா? நீ கதை பேசாம சோலியப் பாரு.

—பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க பேரப் போட்டாச்சு. பாஸ்வேர்டு.

—அது எனக்கெங்க தெரியும். நீ வச்சதுதானே.

—நூர் எழுநூத்தி எம்பத்தாறு.

—என்ன, கேக்கவும் டக்குன்னு சொல்லுத?

—எல்லாருக்கும் அதுதான் வச்சேன். மறந்துறக் கூடாதேன்னு.

—எல்லாருக்குமா? மேலப்பாளையத்துப் பொம்பளைய அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் ஒரே சாவியா?

—அன்னைக்கு யாரு கண்டா லாத்தா. ஆனா ஒருத்தவுக கணக்கையும் அவுக இல்லாம நான் தொறந்தது கிடையாது. அல்லா மேல ஆணை.

—தெரியும்டா. கம்பெனிக்காரன் சத்தியத்துக்கும் உன் சத்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாமயா இங்கன வந்து உக்காந்திருக்கேன்.

—ஓடிபி கேக்கான். என் பழைய நம்பருக்கு வரும்.

—போச்சு. அந்த நம்பரு இப்ப எவன்கிட்ட கிடக்கோ.

—இந்தா இருக்கு, டிராயருக்குள்ள. இந்தப் பட்டன் போன இதுக்காகவே சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். உங்கள மாதிரி எத்தன பேரு இந்த நம்பர நம்பிக் கணக்கு வச்சிருக்கீங்க. எப்படி விட? வந்துட்டு லாத்தா. பொறுங்க... திறந்துட்டு.

—திறந்துட்டா? இருக்கா எல்லாம்?

—விளம்பரமா வந்து குமிஞ்சு கிடக்கு. பேச்செல்லாம் ஓரத்துல தனியா இருக்கும். இருக்கு லாத்தா, ஒண்ணும் போகல.

—அல்ஹம்துலில்லா. அந்தப் பல்லியத் தேடு மொதல்ல.

—தேடுதேன். லாத்தா.

—என்ன?

—மச்சான் பேருக்குப் பக்கத்துல பச்சை எரியுது.

—அது பழைய பச்சையா இருக்கும். நின்ன கடிகாரம் மாதிரி அப்படியே நின்னுருக்கும்.

—அப்படி நிக்காது. பச்சைன்னா ஆளு இப்ப அந்தப் பக்கம் இருக்காகன்னு அர்த்தம்.

—எனக்கா சொல்லித் தார? அந்தப் பச்சையப் பாக்கத்தானே வேகாத வெயில்ல ஓடி வருவேன்.

—செல்லுல இந்தக் கணக்கப் போட்டு வச்சிருந்தா அதுபாட்டுக்கு எரியும். அதுவா இருக்கும். கொஞ்சம் கீழ போய்ப் பாக்குதேன்.

—என்னத்தடா அப்படிப் பாக்குத? சொல்லு.

—இது பழசு இல்ல லாத்தா. போன வெள்ளிக்கிழம தேதி போட்டிருக்கு. அதுக்கு முந்துன வெள்ளிக்கிழமையும் இருக்கு. மேல போகப் போக எல்லாம் வெள்ளிக்கிழமையாவே இருக்கு. ஒண்ணுக்கும் இந்தப் பக்கத்துல இருந்து பதிலு போகல.

—யாரு எழுதுனது?

—மச்சான்தான்.

—யாருக்கு?

—இது உங்க கணக்கு லாத்தா.

—நான் இத என் செல்லுல போடவே இல்லயே. அஃப்ரா எனக்கு வேற புதுசுல்லா தொடங்கிக் குடுத்தா. ஏல, நீ சொன்னியே, அந்த மிஷினு எழுதுனதா இருக்கும். வாசி பாப்போம்.

—நான் வாசிக்க மாட்டேன். இது தமிழ் எழுத்துலயே இருக்கு. நீங்களே வாசிச்சுக்கிடலாம். நான் ரோட்டப் பாத்துத் திரும்பிக்கிடுதேன்.

—எழுத்தப் பெருசாக்கிக் குடு.

—போதுமா?

—போதும். 'கீழ நீ மீனு பொரிக்கே. வாசம் மாடி வரைக்கும் வருது. நல்லா இருக்குன்னு சொல்லணும்னுதான் இறங்கி வந்தேன். நீ திரும்பிப் பாத்தே. எனக்கு உப்பு வேணும்னுதான் வாயில வந்துச்சு.'

—மிஷினுக்கு உங்க வீட்டு மீனு வாசம் தெரியாது லாத்தா. தண்ணி தரவா?

—சும்மா இரு. 'எழுதுனா வருது ஜுபை. நேருல நின்னா, யாரோ அடுத்த வீட்டுப் பொம்பளகிட்டப் பேசப்போற மாதிரி கூச்சமா இருக்கு. உன் முகத்தப் பாத்துப் பேச நான் எங்க பழகுனேன்? இங்கனதானே பழகுனோம்.' ஏம் முஹ்சின், இத நான் பாக்க மாட்டேன்னு அவுகளுக்குத் தெரியாதா?

—தெரியாம இருக்காது. பாக்க மாட்டீங்கங்குத தைரியத்துலதான் எழுதிருக்காக போல.

—பாவி மனுசன். மாடிக்கும் அடுப்பாங்கரைக்கும் நடுவுல ஏழு கடலா கிடக்கு? நான் ரீல்ஸு பாக்காகன்னு... ஏல, இங்க வா. அடியில மூணு புள்ளி துள்ளுது. நான் எதையும் தொட்டுட்டேனா?

—இல்ல லாத்தா. அங்கன உங்களுக்கும் பச்சை எரிஞ்சிருக்கும். பாத்துட்டாக. எழுதிக்கிட்டு இருக்காக.

—நின்னு போச்சே.

—அழிச்சிட்டுத் திரும்ப எழுதுவாக.

—ஆமா, துள்ளுது. திரும்பவும் நிக்கி. அவுக அங்கன உக்காந்து முழிக்கது எனக்கு இங்க தெரியுதுடா.

—வந்துட்டு லாத்தா.

—'சாப்ட்டியா'.

—பதிலு என்ன அடிக்க, வழக்கம் போலயா? டிக்கெட்டும் மிஷின்ல நிக்கி. பிரிண்ட் குடுத்துறவா?

—அத நிப்பாட்டு. 'சாப்பிடல'ன்னு அடி.