புல்தரைக்குப் போன குழாய்த் தண்ணீர்

சீனிவாசலு, வயது 29, தகப்பனார் பெயர் வெங்கடசாமி, சித்தாபுதூர், கோயமுத்தூர். 1996 ஜூன் மாதம் குற்றவியல் நடுவர் முன்பு பிரமாணத்தின்பேரில் சொன்ன வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, வீட்டுத் தோட்டங்களுக்குத் தானாகவே தண்ணீர் விடும் கருவிகளைச் செய்து பொருத்திக் கொடுக்கிறேன். மண்ணில் செருகிய கம்பிகள் ஈரம் குறைந்ததைக் காட்டினால் மோட்டார் ஓடும், நனைந்ததும் நின்றுவிடும். அதற்கான புரோகிராமை நானே எழுதிச் சிப்பில் ஏற்றுவேன்.

இந்த வழக்கில் புகார் கொடுத்துள்ள திரு. ஈஸ்வரமூர்த்தி நூல் மில் முதலாளி. கணபதியில் உள்ள அவருடைய பங்களாவில் சென்ற தை மாதம் அப்படி ஒரு கருவியைக் கிணற்று மோட்டாரில் பொருத்தினேன். சித்திரையில் கிணறு வற்றிவிட்டது. அதன்பின் அவர் என்னை வரவழைத்து, வேறொரு குழாயில் தண்ணீரின் அழுத்தம் வந்ததும் மோட்டார் ஓடும்படி புரோகிராமை மாற்றச் சொன்னார். எந்தக் குழாய் என்று கேட்டேன். "லாரித் தண்ணி எறக்கற லைனுங்க தம்பி" என்றார். நம்பி மாற்றிக் கொடுத்தேன்.

அதன்பின் வைகாசி தொடக்கத்தில், கருவி சரியாக நிற்பதில்லை என்று சொல்லி அனுப்பியதன்பேரில் ஒரு நாள் காலையில் போனேன். பங்களாவுக்கு எதிரே தெருக்குழாயில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. உள்ளே புல்தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. சோதிப்பதற்காகக் கருவியை நிறுத்தினேன். உடனே தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. மறுபடி ஓட்டினேன், தெருவில் நின்றுவிட்டது. அதன்பின் மோட்டாருக்கு வரும் குழாயைப் பின்தொடர்ந்து பார்த்தேன். அது காம்பவுண்டுக்கு அடியில் புகுந்து தெருவின் குடிநீர்க் குழாயில் சேர்ந்திருந்தது. கருவியை நிறுத்திவிட்டு, "ஏனுங்க, இது குடிதண்ணி லைனுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியுமுங்க. புல்லு கருகிப் போச்சுன்னா மறுபடி வெக்கறது லேசுங்களா? ஓட்டி உடுங்க."

நான் மறுத்தேன். அவரே பொத்தானை அழுத்தினார்.

அப்போது வள்ளியாத்தாள் என்பவர் கேட்டுக்கு வந்தார். அவர் மேற்படி மில்லில் நூல் சுற்றும் வேலை செய்பவர். அவர் சத்தம் போடவில்லை.

"ஏனுங்க மொதலாளி, உள்ள நிறுத்துனா வெளிய வருது, உள்ள ஓட்டுனா வெளிய நிக்குது. நாங்க என்னத்தைங்க குடிக்கறது?" என்று கேட்டார்.

ஈஸ்வரமூர்த்தி வாட்ச்மேன் பொங்கியண்ணனிடம் கேட்டைச் சாத்தச் சொன்னார். சாத்தியபோது வள்ளியாத்தாளின் வலது கை கேட்டில் சிக்கி விரல்கள் நசுங்கின. அவர் கையை இழுத்துக்கொண்டு, தோளால் கேட்டைத் தள்ளி உள்ளே வந்தார். வேறு நான்கு பெண்களும் பின்னால் வந்தார்கள். அதன்பின் அவர் பாத்தி ஓரத்துக் கல் ஒன்றை இடது கையால் எடுத்துக் கருவியை அடித்தார். மோட்டார் நின்றது. உடனே எல்லோரும் வெளியே போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை. புகாரில் சொல்லியிருப்பதுபோல் யார் கையிலும் இரும்புக் கம்பி இல்லை. போலீசார் வந்து ஐந்து பேரையும் வண்டியில் ஏற்றிப் போனபோது அவர்களுடைய குடங்கள் பாதி நிரம்பியபடி குழாயடியில் கிடந்தன.

ஸ்டேஷனில் கருவி என்ன விலை என்று மட்டும் என்னைக் கேட்டார்கள். மற்றதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இங்கே வந்து சொல்கிறேன்.

சம்பவத்துக்கு மறுநாள் பொங்கியண்ணன் என் வீட்டுக்கு வந்தார். ஐந்து பேரும் இரும்புக் கம்பியோடு திருட வந்ததாக நான் சொல்ல வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். "அப்படியே சொல்லிப்போடுங்க தம்பி" என்றவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்கூட்டுக்கும் அந்தக் கொழாத் தண்ணிதானுங்க" என்றார்.

கருவியைப் பழுது பார்க்க என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போகவில்லை. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது மோட்டாரை நேரடியாகச் சுவிட்சில் இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் யாரும் நிற்கவில்லை. புல் நன்றாகப் பச்சையாக இருந்தது. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் வள்ளியாத்தாள் முதல் எதிரி. அவருக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. விரல்கள் கோணலாகவே சேர்ந்துவிட்டதாகவும், இனி மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட வராது என்றும் அவருடைய மகள் சொன்னாள்.

யாருடைய மிரட்டலுக்கோ தூண்டுதலுக்கோ ஆட்பட்டு இதைச் சொல்லவில்லை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்தது இதுதான்.

(ஒப்பம்) வெ. சீனிவாசலு